ஆசிரியர் இல்லாத ஊரில் ஜப்பானிய மொழி

"ஜப்பானிய மொழியா? அது ஓவியம் வரைவதைப் போன்ற எழுத்தாயிற்றே! நமக்கு எங்கே வரப் போகிறது?" என்று கேட்போர் நம்மில் பலர். அவர்கள் அப்படிக் கேட்டுக் கொண்டிருக்கும் இதே வேளையில், நம் இளைஞர்கள் சிலர் ஓசையின்றி அந்த எழுத்துகளை எழுதிப் பழகிக் கொண்டிருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு, குறிப்பிட்ட தொழில்களில் திறன் பெற்ற அயல்நாட்டவருக்கென்று தனி விசா முறையைத் தொடங்கியது. முதியோர் பராமரிப்பு, கட்டடப் பணி, வேளாண்மை, உணவகம் எனப் பல துறைகள் அதில் அடங்கும். இதற்கான ஒத்துழைப்பு உடன்பாட்டில் இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் கையொப்பமிட்டன. இந்த விசாவை நாடுவோர் தொழில் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும்.

பெருநகரங்களில் இருப்போருக்கு வகுப்புகள் உண்டு. சிற்றூரில் இருப்பவர் என்ன செய்வார்? கடையில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் இளைஞர் என்ன செய்வார்? வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவே ஒரு புதிய மொழியைக் கற்க விரும்பும் சகோதரி என்ன செய்வார்? இவர்களுக்குத் தம் வீட்டு மேசையே வகுப்பறை. கையிலுள்ள நூலும் கைபேசியுமே ஆசிரியர்.

அன்பு வாசகர்களே! தனியே ஜப்பானிய மொழியைக் கற்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. ஆனால், ஆசிரியர் இருந்தால் அவர் செய்யும் ஒரு வேலையை இங்கு நீங்களே செய்து கொள்ள வேண்டும். அந்த வேலை, பாடம் சொல்லித் தருவது அன்று. அதை நூல் செய்துவிடும். நேற்றைய பாடத்தை இன்று உங்களிடம் கேட்பதே அந்த வேலை. இந்த ஒன்றை விட்டுவிடுகிறவர்கள்தாம் ஆறு மாதம் படித்தும் அரை வாக்கியம் பேச வராமல் நிற்கிறார்கள்.

சான்றிதழ் வேறு, மொழி வேறு

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு 1984 முதல் நடைபெற்று வருகிறது. ஜே.எல்.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்தேர்வில் 2010 முதல் ஐந்து நிலைகள் உள்ளன. என்-5 தொடக்கநிலை, என்-1 உயர்நிலை. ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் இத்தேர்வைச் சென்னையிலும் எழுதலாம். மேலே சொன்ன விசாவுக்கு என்-4 நிலைத் தேர்ச்சி ஏற்கப்படுகிறது. இதற்கு மாற்றாக 2019-இல் தொடங்கப்பட்ட ஜே.எஃப்.டி. அடிப்படைத் தேர்வும் உண்டு. அது கணினி வழித் தேர்வு. 250 மதிப்பெண்ணுக்கு 200 பெற்றால் தேர்ச்சி.

என்-4 தேர்வின் கணக்கைச் சற்று உற்று நோக்குங்கள். மொத்த மதிப்பெண் 180. தேர்ச்சிக்கு 90 போதும். இதில் செவிப்புலத்துக்கு, அதாவது கேட்டுப் புரிந்து கொள்ளும் பகுதிக்கு, 60 மதிப்பெண். அதில் 19 பெற்றால் குறைந்தபட்சத் தகுதி கிடைத்துவிடும். பேச்சுத் தேர்வு இல்லை. கையால் எழுதும் தேர்வும் இல்லை. மூன்று அல்லது நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே.

இதன் பொருள் என்ன? காதில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடச் சரியாகப் பற்றாத ஒருவர், வாய் திறந்து ஒரு வாக்கியமும் பேசிப் பழகாத ஒருவர், சான்றிதழோடு விமானம் ஏறிவிட முடியும். அங்கே கட்டடப் பணியிடத்தில் மேலிருந்து ஒரு பலகை சரியும்போது, "அபுனாய்!" என்று மேற்பார்வையாளர் கத்துவார். 'ஆபத்து' என்று அதற்குப் பொருள். அந்த நொடியில் நான்கு விடைகள் தரப்படமாட்டா. முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருக்கும் மூதாட்டி "இதாய்" என்று முனகினால், அவருக்கு வலிக்கிறது என்று உடனே புரிய வேண்டும். நூலைப் புரட்டிப் பார்க்க அங்கே நேரமில்லை.

ஆகவே, எழுத்தைக் கண்டால் 'இது தெரிந்ததுதான்' என்று தோன்றுவது ஒரு நிலை. கேட்டவுடன் புரிந்து, நினைத்தவுடன் நாவில் வருவது இன்னொரு நிலை. முதலாவதை இரண்டாவது என்று எண்ணி ஏமாறாமல் இருப்பதே தனியே கற்பவரின் முதற்கடமை. இனி வரும் பழக்கங்கள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

எழுத்து முதலில், சொல் பிறகு

ஜப்பானியர் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறார்கள். ஹிரகானா என்பது அவர்களின் அடிப்படை எழுத்து; 46 வடிவங்கள் கொண்டது. கதகானா என்பதும் அதே 46 ஒலிகளுக்கான இன்னொரு வடிவம். வெளிநாட்டுப் பெயர்களும் பிறமொழிச் சொற்களும் அதில் எழுதப்படும். ஜப்பானில் உங்கள் பெயரும் கதகானாவில்தான் எழுதப்படும். மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கன்ஜி.

ஹிரகானாவின் வரிசையைக் கேட்டால் வியப்பீர்கள். உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை செல்கிறது. ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர் மொழியறிஞர். அந்த இடத்தில் பகரத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் பிள்ளைகள் அரிச்சுவடியில் ஓதும் வரிசையன்றோ இது! பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற இந்திய எழுத்து மரபின் தாக்கம் அது. ஜப்பானிய அகராதியும் இவ்வரிசையிலேயே அமைந்திருப்பதால், சொல் தேடுவது உங்களுக்கு எளிது. நாளொன்றுக்கு ஐந்து எழுத்து எனப் பழகினால் பத்தே நாளில் ஹிரகானா முடியும். அடுத்த பத்து நாளில் கதகானா முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனனம் செய்யாதீர்கள். நம் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி வடிவம் இல்லை. 'கங்கை' என்பதில் வரும் முதல் ககரத்தை எப்படி ஒலிப்பது என்பதைப் பழக்கத்தால் அறிகிறோம், எழுத்தால் அறிவதில்லை. ஜப்பானிய மொழியிலோ அது பொருளையே மாற்றிவிடும். வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'தென்கி'தான்! சாவிக்கு ஒரு சொல், சீமைப் பனிச்சைப் பழத்துக்கு ஒரு சொல். தமிழில் இரண்டும் 'ககி'! ஹிரகானாவில் எழுதினால், எழுத்தின் தோளில் இடப்படும் இரு சிறு கோடுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடும். இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தரப்படும் சொற்களும் அடையாளத்துக்காக மட்டுமே. உச்சரிப்பை ஒலிப்பதிவைக் கேட்டே பழக வேண்டும்.

அதே வேளையில், தமிழரான உங்களுக்கு இயல்பாகவே ஒரு வசதியும் உண்டு. குறில், நெடில் வேறுபாட்டை நாம் பிறந்தது முதல் அறிவோம். 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது நடுவயதுப் பெண்மணி. 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலேயர் இந்த இடத்தில் தடுமாறுவர். 'கல்', 'கால்' என்று பேசிப் பழகிய நமக்குத் தடுமாற்றம் இல்லை.

இலக்கணத்துக்குத் தமிழைத் துணைக்கு அழையுங்கள்

கடைகளில் கிடைக்கும் ஜப்பானிய மொழிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கம் கொண்டவை. அவற்றைப் படிக்கும் நம்மவர் என்ன செய்கிறார்கள்? ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு ஆங்கிலத்தைத் தமிழுக்கு மாற்றிப் புரிந்து கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிச் செல்வது போன்றது இது.

'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஜப்பானியர் 'கினோ கத்தா ஹொன்' என்பர். கினோ என்றால் நேற்று. கத்தா என்றால் வாங்கிய. ஹொன் என்றால் புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை! இதையே ஆங்கிலத்தில் சொன்னால் புத்தகம் முன்னே வந்து நேற்று பின்னே போய்விடும்.

'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' என்கிறோம். கண்ணால் பார்ப்பதா அது? இல்லை, முயன்று அறிவது. ஜப்பானியரும் 'தபெதெ மிமஸ்' என்கிறார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு. மிமஸ் என்றால் பார்க்கிறேன். 'மழை வரும் என்று நினைக்கிறேன்' என்ற வாக்கியத்தில் நாம் 'என்று' வைக்கும் அதே இடத்தில் அவர்கள் 'தொ' வைக்கிறார்கள். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னேதான் வருகின்றன. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில்தான் நிற்கிறது. 'புத்தகமா?' என்று நாம் கேள்விக்கு ஆகாரம் சேர்ப்பது போல, அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் 'கா' சேர்க்கிறார்கள்.

இத்தகைய ஒப்புமைகளை ஆராய்ந்து, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). அவருடைய கருத்தை மொழியியலாளரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பில் இந்த ஒற்றுமை கொரிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும் கூட உண்டு. உறவு இருப்பினும் இல்லாவிடினும், கற்பவருக்கு இந்த ஒற்றுமை பெரும் நன்மையே.

அமெரிக்க அரசு, தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுவோர் ஜப்பானிய மொழியில் பணிக்குரிய தேர்ச்சி பெற 2200 வகுப்பு மணிநேரம் ஆகும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஸ்பானிஷ் போன்ற மொழிக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 'உலகின் மிகக் கடினமான மொழி' என்று பலர் அச்சுறுத்துவது இத்தகைய கணக்குகளை வைத்துத்தான். அது ஆங்கிலேயருக்கான அளவுகோல். எழுத்தின் கடினம் நமக்கும் அதே அளவுதான். ஆனால் வாக்கிய அமைப்பில் நாம் பாதி வழியை முன்னரே கடந்து நிற்கிறோம்.

எனவே, உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்தின் கீழும் தமிழ்ப் பொருளை நேரடியாக எழுதுங்கள். ஒப்புமை இல்லாத இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். அவை முக்கியமானவை. நம் வினைமுற்று 'வந்தான், வந்தாள், வந்தார்' என்று ஆளைக் காட்டும். அவர்கள் வினைமுற்று காட்டாது. நீளமான பொருள்களை எண்ண ஒரு சொல், தட்டையான பொருள்களை எண்ண ஒரு சொல், நூல்களை எண்ண ஒரு சொல் என்று அவர்கள் வகை வகையாக வைத்திருக்கிறார்கள். இந்தச் சிவப்பு வரிகளுக்கே உங்கள் நேரத்தில் பெரும்பகுதி செல்ல வேண்டும்.

நூலை மூடிவிட்டுக் கேளுங்கள்

இப்போது தலையாய பழக்கத்துக்கு வருவோம்.

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2006-ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழுவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை வாசித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு!

சிந்தித்துப் பாருங்கள். படித்த அன்று இரவு 'எல்லாம் வந்துவிட்டது' என்று தோன்றும் அந்த நிறைவு நம்பத்தக்கதன்று. மூடிய நூலின் முன் அமர்ந்து, தலையைச் சொறிந்து, தட்டுத் தடுமாறி ஒரு சொல்லை நினைவுக்குக் கொண்டு வருகிறீர்களே, அந்தத் தடுமாற்றமே கற்றல்.

எப்போது கேட்டுக் கொள்வது? ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்றது முதல் சில மணிநேரத்திலேயே வேகமாக நழுவுகிறது. இடைவெளி விட்டு நினைவூட்டினால் நிலைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இதையே எளிய வீட்டு முறையாக ஆக்கித் தந்தவர் செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானியர். 1972-இல் அவர் எழுதிய நூலால் அது பரவியது.

செய்முறை இதோ. பழைய அழைப்பிதழ்களைச் சீட்டளவில் வெட்டிக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழ்ப் பொருள். மறுபக்கம் ஹிரகானாவில் ஜப்பானியச் சொல். ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். புதிய சீட்டுகள் முதல் அறையில் இருக்கும்; அவற்றை நாள்தோறும் கேட்டுக் கொள்ளுங்கள். சரியாகச் சொன்ன சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும். அதற்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனை. மூன்றாம் அறைக்கு நான்கு நாள், நான்காம் அறைக்கு ஒரு வாரம், ஐந்தாம் அறைக்கு இரண்டு வாரம் என இடைவெளி விரியட்டும். தவறிய சீட்டு எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிட வேண்டும். கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் அந்தப் பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

கணினியோ கைபேசியோ வைத்திருப்போர் இதே முறையில் இயங்கும் 'அன்கி' என்னும் செயலியைப் பயன்படுத்தலாம். ஜப்பானிய மொழி கற்று வந்த டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் அதை வெளியிட்டார். 'அன்கி' என்பதே மனனம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்தான்.

கன்ஜி: மலையைக் கல் கல்லாகப் பெயர்த்தல்

நம் வீட்டுக் கஞ்சியல்ல இது. எளிதில் உள்ளே இறங்கிவிடாது! பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 கன்ஜி உள்ளன. எண்ணைக் கேட்டு மலைக்காதீர்கள். ஜப்பானியக் குழந்தைகளே முதல் வகுப்பில் ஓர் ஆண்டு முழுவதும் கற்பது 80 கன்ஜிதான். ஆறாண்டுத் தொடக்கப் பள்ளியில் அவர்கள் கற்பது 1026. நீங்கள் நாளுக்கு இரண்டு வீதம் கற்றால், அந்த முதல் 80 நாற்பது நாளில் முடிந்துவிடும்.

கன்ஜியைத் தனி எழுத்தாக மனனம் செய்வது வீண் உழைப்பு. ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்னும் சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே. முன்னே வந்தால் 'நிச்சி', பின்னே வந்தால் 'பி'! ஆகவே சொல்லாகவே கற்றுக் கொள்ளுங்கள். வடிவத்தை நினைவில் வைக்க உறுப்புகளைப் பாருங்கள். மரத்தைக் குறிக்கும் எழுத்தை இரண்டாக அடுத்து எழுதினால் தோப்பு. மூன்றாக அடுக்கினால் காடு. மனிதன் ஒருவன் மரத்தருகே நின்றால் அந்த எழுத்துக்கு ஓய்வு என்று பொருள்!

எந்தச் சொற்களை முதலில் கற்பது? நூலின் வரிசையோடு, உங்கள் தேவையின் வரிசையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பராமரிப்புப் பணிக்குச் செல்பவர் உடலுறுப்புகளின் பெயரையும் வலியைக் குறிக்கும் சொற்களையும் முதலில் கற்கட்டும். நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவுப் பொட்டலத்தின் மேலுறையைப் படிப்பதும் அவசியத் தேவை. 'நிகு' என்றால் இறைச்சி. 'தொரினிகு' கோழி இறைச்சி; 'கியூனிகு' மாட்டிறைச்சி; 'புதானிகு' பன்றி இறைச்சி. பின் எழுத்து ஒன்றே. முன் எழுத்துதான் மாறுகிறது. சாகெ என்பது மது. மிரின் என்பது சமையலில் சேர்க்கப்படும் மதுக்கலப்புள்ள இனிப்புத் திரவம். இந்த ஆறு சொற்களையும் எழுத்து வடிவத்தில் கண்டறியத் தெரிந்தவர், அங்குள்ள கடையில் யாரையும் கேட்காமல் தமக்குரியதைத் தேர்ந்தெடுக்கலாம். தேவையோடு பிணைந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

காதும் வாயும்

கண்ணுக்கு மட்டும் உணவிட்டுக் காதைப் பட்டினி போடுவது தனியே கற்பவர்களிடம் காணப்படும் பெருங்குறை. 'மின்னா நொ நிஹொங்கோ', 'கென்கி' போன்ற பாடநூல்களுக்கு ஒலிப்பதிவுகள் உண்டு. ஜப்பான் அறக்கட்டளை உருவாக்கிய 'இரொதொரி' என்னும் பாடநூலை ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகவே பெறலாம். ஜப்பானில் வாழவும் வேலை செய்யவும் தேவையான அன்றாடப் பேச்சை மையமாக வைத்து எழுதப்பட்டது அது.

ஒலிப்பதிவை எப்படிக் கேட்பது? முதலில் நூலைப் பார்க்காமல் கேளுங்கள். புரிந்தவற்றைத் தமிழில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து, எது காதில் விழவில்லை என்று பாருங்கள். மூன்றாவதாக, ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் நிழலைப் போல ஒரு சொல் பின்தங்கி நீங்களும் உரக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட உரையாடல் போதும். அதையே ஒரு வாரம் செய்யுங்கள். பத்துப் பாடங்களைப் பராக்காகக் கேட்பதைவிட, ஒரு பாடம் நாவில் படிவது மேல்.

பேச ஆள் இல்லையே என்று வருந்தாதீர்கள். கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து, நூலின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், ஆசிரியர் இல்லாத இடத்தில் பிழையைக் காட்டும் கண்ணாடி அதுதான்.

வீட்டாருக்கும் ஒரு வேலை

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. பாடத்தை வீட்டில் உரக்கப் படிப்பது பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். தாயோ தந்தையோ கேட்டுவிட்டு, அதற்கென உள்ள அட்டையில் குறியிட்டு அனுப்புவார்கள். 'ஒந்தொகு' என்று இதற்குப் பெயர்.

இதை நாமும் மேற்கொள்ளலாம். உங்கள் தாய்க்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீட்டின் தமிழ்ப் பக்கத்தை அவர் வாசிக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், தாளில் எழுதியும் காட்டுங்கள். மறுபக்கத்தில் உள்ள வடிவத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து அவர் குறியிடட்டும். தம்பி, தங்கையரும் இதைச் செய்யலாம். வெளிநாடு செல்லும் பிள்ளைக்காகப் பணம் திரட்டும் குடும்பம், நாளுக்குப் பத்து நிமிடம் இந்த உதவியையும் செய்தால் அது பணத்தினும் பெரிய முதலீடாகும்.

நாளொன்றுக்கு ஒரு மணி

கால அட்டவணை எளிதாக இருக்கட்டும். சீட்டுகளுக்கு 15 நிமிடம். புதிய பாடத்துக்கு 20 நிமிடம். கேட்டுச் சொல்வதற்கு 15 நிமிடம். நூலை மூடிவிட்டு, அன்று கற்றதைக் கொண்டு சொந்தமாக மூன்று வாக்கியம் எழுத 10 நிமிடம். ஆக, 60 நிமிடம். இதை ஒரே அமர்வில் செய்ய வேண்டும் என்பதில்லை. காலையில் சீட்டு, பயணத்தில் ஒலிப்பதிவு, இரவில் பாடம் என்று பிரித்துக் கொள்ளலாம். வாரத்தின் ஏழாம் நாள் புதிய பாடம் வேண்டாம்; அந்த வாரத்துக் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் உள்ளதையெல்லாம் வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராதவை அடுத்த வாரத்தின் முதல் அறைக்குச் செல்லட்டும்.

உடல்நலக் குறைவு, உறவினர் வருகை, திருமணம், பயணம் என்று நாள்கள் தவறத்தான் செய்யும். தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு மணி நேரம் அமராதீர்கள். அந்தச் சுமையே மூன்றாம் நாளையும் விழுங்கிவிடும். எவ்வளவு நெருக்கடி என்றாலும் சீட்டுகளை மட்டும் ஐந்து நிமிடம் புரட்டிவிடுங்கள். சங்கிலி அறுபடாமல் இருப்பதே முக்கியம். நாளுக்கு ஒரு மணி என்பது ஓராண்டில் 365 மணி. ஞாயிறுதோறும் மட்டும் ஐந்து மணி நேரம் அமர்ந்து படிப்பவருக்கு ஆண்டில் 260 மணியே கிடைக்கும். அதிலும் ஆறு நாள் இடைவெளியில் மறந்தவற்றை மீட்பதிலேயே பாதி கழிந்துவிடும்.

தேர்வை இலக்காக வையுங்கள், தவறில்லை. தேதி ஒன்று முன்னால் நின்றால் சோம்பல் விலகும். ஆனால் 19 மதிப்பெண்ணில் நிறைவு கொள்ளாதீர்கள். சான்றிதழ் விமான நிலையம் வரை துணைக்கு வரும். அதற்குப் பிறகு துணைக்கு வருவது உங்கள் காதும் நாவும்தான்.

இன்று இரவே தொடங்குங்கள். அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து ஹிரகானா எழுத்துகளை ஐந்து சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பத்துத் தடவை எழுதுங்கள். பிறகு அவற்றைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். நாளைக் காலை பெட்டியைத் திறக்கும் முன், ஒரு வெற்றுத் தாளை எடுத்து, ஐந்தும் வருகின்றனவா என்று எழுதிப் பாருங்கள்.